மூன்றாம் அறையில் ஒன்பது ஓட்டைகள்

“கத்திக்குத்து வாங்கினவர் இவர்தானா?” என்று கேட்டான் சோடா. “பாவம், ஆள் நல்ல உயரம்.”

மேனேஜர் சிரிக்கவில்லை. அந்த மீட்டிங் அறையில் யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை. நீள மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு துணிப்பை படுத்திருந்தது. இரண்டு ஆள் உயரம். அகலம் பேன்ட்டின் ஒரு கால் அளவு. வெளிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத் தூசி அப்பியிருக்க, கழுத்திலிருந்து அடி வரைக்கும் ஒரே கோடாகக் கிழிந்திருந்தது.

“இது மாதிரி ஒன்பது” என்றார் மேனேஜர். “குப்பை டிரம்ல கிடைச்சுது. பக்கத்துலயே அவனோட கத்தி. இதுக்கு மேல என்ன துப்பறியப் போறீங்க?”

கேள்வி மேடத்துக்கு. மேடம் பையின் கிழிசலை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தீ விபத்து இன்சூரன்ஸில் இருபத்திரண்டு வருடம், எரிந்த கோடவுன்களுக்குள் நுழைந்து, ‘இது தானா எரிஞ்சதில்ல’ என்று சொல்லிப் பல பெரிய மனிதர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருடைய மூக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. சோடா அவருடைய உதவியாளன். அவனுடைய கண்ணாடியின் கனத்தைப் பார்த்த எவனோ பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது.

“எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க” என்றார் மேடம்.

மேனேஜர் பெருமூச்சு விட்டுச் சொன்னார். இது இரும்பு உருக்கும் ஆலை. உலையிலிருந்து வரும் புகை நேராகச் சிம்னிக்குப் போகாது. நடுவில் நான்கு அறைகள், அறைக்கு நூறு பை. மாவை விட நைசான தூசியெல்லாம் பையின் வெளிப்பக்கமே தங்கிவிடும். சுத்தமான காற்று மட்டும் பைக்குள் நுழைந்து, மேல்வாய் வழியாகச் சிம்னிக்கு ஏறும். பைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஃபிட்டர். ஊரே அவரைப் பைக்காரர் என்றுதான் கூப்பிடும்.

“போன திங்கட்கிழமை மூணாவது ரூம்ல ஒன்பது பையைக் கழட்டி, கிழிச்சுப் போட்டுட்டான். ஒன்பது ஓட்டை வழியா ரெண்டு மணி நேரம் தூசி அப்படியே வெளிய போயிருக்கு. பக்கத்துத் தெருவுல மூணு பேர் மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில. அன்னிக்கே ஆலையை மூடிட்டாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வர்றாங்க. விளக்கத்தைக் கொடுப்போம், ஆளைப் போலீஸ்ல கொடுப்போம்.”

“அவர் ஏன் அப்படிச் செய்யணும்?”

“சூப்பர்வைசர் பதவி கேட்டான். கொடுக்கல.”

சுவர்க் கடிகாரம் இரண்டு பத்து காட்டியது. மேடம் சோடாவைப் பார்த்துக் கண்ணைக் காட்ட, அவன் கிழிசலின் இரண்டு ஓரத்தையும் பிடித்துச் சட்டையைப் பிரிப்பதுபோல் விரித்தான். உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. சோடா விரலால் தேய்த்து, விரலை மேனேஜரின் மூக்குக்கு நேராக நீட்டினான். விரலிலும் ஒன்றுமில்லை.

“புகைக்குள்ள தொங்கும்போது கிழிச்சிருந்தா உள்பக்கம் கரியா இருக்கணும்” என்றார் மேடம். “இதைக் கழட்டி வெளிய கொண்டு வந்த அப்புறம்தான் கிழிச்சிருக்காங்க.”

சோடாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “கேஸ் முடிஞ்சுது. டீ சொல்லுங்க சார்” என்றான்.

மேனேஜர் அசரவில்லை. “வெளிய கொண்டு வந்து கிழிச்சான். சரி. அதனால என்ன? ஒன்பது பையைக் கழட்டினா ஒன்பது ஓட்டை இருக்குதா இல்லையா? கிழிக்காம மடிச்சு வச்சிருந்தாலும் தூசி போகத்தானே செய்யும்?”

சோடாவின் முகம் சுருங்கிவிட்டது. அந்த ஆள் சொல்வதில் நியாயம் இருந்தது. மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, ஷூவில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. இரும்பு உருக்குகிற இடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒருவர் இருப்பதே சோடாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

வெளியே வந்ததும் மேடம் மெதுவாகச் சொன்னார். “கோபத்துல கிழிக்கிறவன் ஒன்பது பையையும் இவ்வளவு நேர்க்கோடா கிழிக்க மாட்டான். வா, ஆளையே கேட்போம்.”

*

கேட்டுக்குப் பக்கத்தில் செக்யூரிட்டி அறை. பைக்காரரை அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள். போலீஸ் வரும்வரை வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. ஐம்பதைத் தொட்ட மனிதர், மூன்று நாள் தாடி. பக்கத்தில் அவர் மனைவி. ஆஸ்பத்திரி யூனிஃபார்முடனேயே வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

வாசலில் நின்று வழிகாட்டியவன் ஆபரேட்டர். அந்த அம்மாளின் தம்பி, பைக்காரருக்கு மச்சான். இந்த ஆலையில் கண்ட்ரோல் ரூம் வேலை. முந்தாநாள் மேடத்தின் வீட்டுக் கதவைத் தட்டி, “எங்க அத்தான் எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு, எப்படியாவது காப்பாத்துங்க” என்று நின்றவனும் அவன்தான்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு நேருக்கு நேர் உட்கார்ந்தார்.

“பையைக் கிழிச்சது யாரு?”

“நான்தான்” என்றார் பைக்காரர்.

சோடாவின் பேனா நோட்டில் பாதி எழுத்தோடு நின்றது. ‘நம்ம கட்சிக்காரர் இவ்வளவு ஒத்துழைப்பார்னு எதிர்பார்க்கல’ என்று முணுமுணுத்தான்.

“எதுக்குக் கிழிச்சீங்க?”

“எப்பவும் கிழிக்கிறதுதாங்க.” தொழிலைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. “தினம் பத்துப் பை நகத்தால கீறிப் பார்ப்பேன். நூல் பிரிஞ்சா அதுக்கு ஆயுசு முடிஞ்சுது. ஓட்டை விழுறதுக்கு முன்னாடியே கழட்டிடுவேன். கழட்டினதும் மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்பு. முழுசாப் போட்டா எவனாவது அதைக் கழுவி, மடிச்சு, புதுசுன்னு திரும்ப என் கையிலயே கொடுத்துடுவான். ஒரு தடவை கொடுத்திருக்காங்க. அதுலயிருந்து என் கையால கழட்டின பை எதுவும் முழுசா டிரம்முக்குப் போனதில்ல. டிரம்மை மாசக்கணக்கா யாரும் காலி பண்றதில்ல, கத்தியும் அங்கேயேதான் கிடக்கும்.”

“இதை மேனேஜர்கிட்ட ஏன் சொல்லல?”

“அவரு ஆபீஸ் மனுஷன். பை எப்படிச் சாகும்னு அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்ல.”

“கழட்டின இடத்துல புதுசு மாட்டலயா?”

“ஸ்டோர்ல ஏழு மாசமாப் பை இல்ல. எழுதி எழுதிக் கொடுத்துப் பார்த்துட்டேன்.”

“அப்ப அந்த ஒன்பது ஓட்டையையும் என்ன செஞ்சீங்க?”

பைக்காரர் வாயைத் திறந்தார். அவருடைய பார்வை மேடத்தின் தோளைத் தாண்டி வாசல் பக்கம் போயிற்று. அங்கே செக்யூரிட்டி நின்றிருந்தான், ஆபரேட்டர் நின்றிருந்தான். பார்வை திரும்பித் தரைக்கு வந்தது. வாய் மூடிக்கொண்டது.

“என்ன செஞ்சீங்கன்னு கேட்கிறாங்கல்ல?” என்றாள் மனைவி. அவள் மேடத்தைப் பார்த்தாள். “வீட்டுலயும் இப்படித்தாங்க. மூணு நாளா சுவத்தையே பார்த்துக்கிட்டு இருக்காரு. செஞ்சா செஞ்சேன்னு சொல்லட்டும், இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும். அந்த மூணு பேரும் என் வார்டுலதான் கிடக்கிறாங்க. தினம் காலையில ஆக்சிஜன் மாட்டி விடறது நான்தான். அதுல ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, யாருடி இப்படிச் செஞ்சதுன்னு கேட்குறாங்க. நான் என்னன்னு சொல்ல?”

“அத்தானைத் தொந்தரவு பண்ணாதீங்க மேடம்” என்றான் ஆபரேட்டர் வாசலிலிருந்து. “அவரு தூங்கியே மூணு நாளாச்சு. வாங்க, நான் மேல கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்.”

சோடா எழுந்தபோது பைக்காரரைத் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தால் தப்பிக்கலாம் என்று தெரிந்தும் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்றால், ஒன்று குற்றம் அவருடையது. அல்லது பயம். அந்தச் செக்யூரிட்டியின் மீசையைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

*

எழுபத்து நான்கு படி. சோடா எண்ணிக்கொண்டே ஏறினான். அறுபதுக்கு மேல் எண்ணிக்கையை முனகலாக மாற்றிக்கொண்டான்.

மூன்றாம் அறையின் கதவைத் திறந்து ஆபரேட்டர் ஒதுங்கி நின்றான். “நீங்க போங்க மேடம். எனக்கு இங்க பழக்கமில்ல. நான் இந்த ரூமுக்குள்ள காலே வச்சதில்ல. எனக்குக் கண்ட்ரோல் ரூம் உண்டு, என் நாற்காலி உண்டு.”

உள்ளே தலை இடிக்கும் உயரத்தில் கூரை. தரை முழுக்க இரும்புத் தகடு, தகட்டில் வரிசை வரிசையாக வட்ட ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பை கீழே தொங்கிக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருந்தது. மூலையில் மட்டும் ஒன்பது ஓட்டைகள் பை இல்லாமல் கறுப்பாக இருந்தன. அவற்றைச் சுற்றித் தரையெல்லாம் தூசி.

மேடம் முழங்காலிட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் ஓர் ஓட்டையின் விளிம்பைத் துடைத்தார். தூசி போனது. அதற்கடியில் தகட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. அது போகவில்லை. நகத்தால் சுரண்டினார்.

“ரப்பர்” என்றார்.

சோடா அடுத்த ஓட்டையைத் துடைத்தான். அங்கேயும் வளையம். ஒன்பதிலும் வளையம்.

“ரப்பர் வச்ச மூடி போட்டு அடைச்சிருக்காங்க. சூட்டுல ரப்பர் உருகித் தகட்டோட ஒட்டியிருக்கு. ஒரு நாள், ரெண்டு நாள்ல இப்படி ஒட்டாது. மாசக்கணக்கா இங்க மூடி இருந்திருக்கு.”

“அப்ப பைக்காரர் ஓட்டையைத் திறந்து விட்டுட்டுப் போகல!”

“அடைச்சுத்தான் வச்சிருந்தார். திங்கட்கிழமை வேற யாரோ வந்து மூடியைக் கழட்டியிருக்காங்க.”

“அதைச் சொன்னா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பாரே. ஏன் சொல்லல?”

மேடம் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

கண்ட்ரோல் ரூமில் ஒரு பெட்டிக்குள் காகிதச் சுருள் இருந்தது. பைகளைத் தாண்டிப் போவதற்குப் புகை எவ்வளவு திணறுகிறது என்பதை அதில் ஒரு பேனா முள் நாள் முழுக்க வரைந்துகொண்டே இருக்கும். ஆபரேட்டர்தான் விளக்கினான். ஓட்டைகளை அடைக்க அடைக்க மிச்சமிருக்கிற பைகள் மேல் சுமை ஏறும், அழுத்தம் கூடும், விசிறி திணறும், உலையை மெதுவாகத்தான் ஓட்ட முடியும். காகிதத்திலும் கோடு மாதக்கணக்காக ஏறிக்கொண்டே வந்திருந்தது.

“திங்கட்கிழமையைக் காட்டுங்க” என்றார் மேடம்.

ஆபரேட்டர் சுருளை வேகமாகத் தள்ளினான். திங்கட்கிழமை தாண்டிச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. மேடம் தன் கையால் பின்னுக்கு இழுத்தார். பத்து மணி பத்து நிமிடத்தில் கோடு சட்டென்று மேலே எகிறி, இருபது நிமிடம் அங்கேயே நின்று, பிறகு பழைய அளவுக்கும் கீழே விழுந்து கிடந்தது.

“இந்த மேடு என்ன?”

“ஒரு ரூமை அடைச்சா மத்த மூணு ரூம்ல சுமை ஏறும். அதான்.”

“யாரோ மூணாவது ரூமை அடைச்சுட்டு இருபது நிமிஷம் உள்ள இருந்திருக்காங்க. அன்னிக்கு இங்க டூட்டி யாரு?”

“நான்தான். ஆனா கவனிக்கல மேடம். வேலை அதிகம்.”

சோடா அதற்குள் மேசை மேலிருந்த ஷிஃப்ட் புத்தகத்தைப் புரட்டிவிட்டான். “மேடம், இங்க பாருங்க!” திங்கட்கிழமை, பத்து முப்பத்தைந்து. ‘அழுத்தம் குறைந்தது. நன்று.’ கீழே மேனேஜரின் கையெழுத்து, வால் சுழித்து.

“மாட்டினார்!” என்றான் சோடா. “மூடியைக் கழட்டி அஞ்சே நிமிஷத்துல நன்றுன்னு தனக்குத்தானே மார்க் போட்டுக்கிட்டாரு.”

ஆபரேட்டரின் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. “அவருதான் மேடம். எனக்கு அப்பவே சந்தேகம்” என்றான்.

*

மூன்று முப்பத்தைந்து. மேடம் மறுபடியும் எழுபத்து நான்கு படி ஏறினார். இந்த முறை ஆபரேட்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“ஆளைப் பிடிச்சாச்சு, இன்னும் எதுக்கு மேடம் மலையேற்றம்?” என்று மூச்சு வாங்கினான் சோடா.

“அந்த மேனேஜர் ஷூவைப் பார்த்தியா? அந்த ஆள் இந்தப் படியில ஏறி வருஷம் ஆகியிருக்கும். நன்றுன்னு எழுதறதுக்கு மேல வர வேண்டியதில்ல.”

மூன்றாம் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு லீவர். அதைக் கீழே இழுத்தால் அந்த அறைக்குப் புகை வராது. லீவரில் பூட்டு மாட்ட ஒரு துளை. மேலே சுவரில் பெயிண்டால் எழுதியிருந்ததைச் சோடா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கிப் படித்தான். ‘உள்ளே போகும் முன் உன் பூட்டைப் போடு. சாவி உன் சட்டைப் பையில் இருக்கட்டும். நீலம் – ஃபிட்டர். சிவப்பு – எலக்ட்ரீஷியன். மஞ்சள் – கண்ட்ரோல் ரூம்.’

“இது எதுக்கு?”

“நீ உள்ள இருக்கும்போது எவனாவது தெரியாம லீவரைத் தூக்கி விட்டா, சுடு புகையில வெந்துடுவ. உன் பூட்டு தொங்கினா யாராலும் தூக்க முடியாது. இன்சூரன்ஸ்ல இருக்கும்போது நிறைய பார்த்திருக்கேன். இதை மாட்டாம எவனும் உள்ள போக மாட்டான்.”

துளையைச் சுற்றி நீல வண்ணம் ஏறிப்போயிருந்தது. வருடக்கணக்காகப் பைக்காரரின் பூட்டு தேய்ந்து தேய்ந்து விட்ட நீலம். மேடம் விரலை அதன் ஓரத்தில் வைத்தார். நீலத்துக்கு மேலே, புதிதாக, ஒரு கீறல்.

சோடா குனிந்து பார்த்தான். அவனுடைய கண்ணாடிக்கு அது நன்றாகவே தெரிந்தது. மஞ்சள்.

‘காலே வச்சதில்ல’ என்று ஆபரேட்டர் சொன்ன குரல் அவன் காதில் கேட்டது. “திருட்டு வேலைக்குப் போறவன் பூட்டை எதுக்கு மேடம் மாட்டினான்? தன் கையால தன்னைக் காட்டிக் கொடுக்கிற மாதிரி?”

“பழகின கை. மனசு என்ன திட்டம் போட்டாலும் கை அதுபாட்டுக்குப் பூட்டை எடுத்து மாட்டிடும். வெளி ஆளா இருந்தா மாட்டியிருக்க மாட்டான்.” மேடம் லீவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அன்னிக்கு அது இருபது நிமிஷம் இங்க தொங்கியிருக்கு. அந்தப் பக்கம் போன பைக்காரர் பார்த்திருக்கார்.”

செக்யூரிட்டி அறையில் பைக்காரரின் கண் வாசலுக்குப் போனது சோடாவுக்கு ஞாபகம் வந்தது. செக்யூரிட்டியின் மீசையை அல்ல, மச்சானைப் பார்த்திருக்கிறார்.

ஆபரேட்டர் படிக்கட்டின் பாதியில் நின்றிருந்தான். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டான். மேடத்தின் விரல் லீவரில் இருந்ததைப் பார்த்ததும் அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தான்.

“எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?” என்று சோடாதான் முதலில் கேட்டான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “நாங்க கண்டுபிடிக்க மாட்டோம்னா?”

“மேனேஜரைப் பிடிப்பீங்கன்னு நினைச்சேன்.” என்றான் ஆபரேட்டர். “சத்தியமா அவருதான் காரணம். பத்து நாளா என் தலையில ஏறி உட்கார்ந்திருந்தாரு. ‘அழுத்தம் குறையணும், எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம்’னாரு. ரெண்டு நாள் திறந்து வச்சா புதுப் பை வந்துடும், மறுபடியும் மூடிடலாம்னு நினைச்சேன். இவ்வளவு போகும்னு தெரியல. தூசி அதிகமாப் போகுதுன்னு எச்சரிக்கை மணி அடிச்சப்போகூட நானே அதை நிறுத்தினேன்.”

“அத்தான் உங்ககிட்ட என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. அன்னிக்குச் சாயந்திரம் ஒரு தடவை பார்த்தாரு. அவ்வளவுதான். அக்காவுக்கு நான் ஒரே தம்பி மேடம்.”

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மணி மூணு ஐம்பது. நீங்களே சொல்றதுக்கு இன்னும் பத்து நிமிஷம் உங்களோடது. நாலு மணிக்கு அப்புறம் அது என்னோடது.”

*

நான்கு மணிக்கு மீட்டிங் அறையில் மேசைக்கு ஒரு பக்கம் அதிகாரி, ஒரு இன்ஸ்பெக்டர். மறுபக்கம் மேனேஜர். சுவரோரம் பைக்காரரும் அவர் மனைவியும். கதவை ஒட்டி ஆபரேட்டர். பை இன்னும் மேசையில் கிடந்தது.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். மேடம் ரப்பர் வளையத்தையும் ஏழு மாதமாகப் புதுப் பை வராததையும் பற்றிச் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக் குறித்துக்கொண்டார். “அப்ப மூடி இருந்திருக்கு. அதை யார் எடுத்தது?”

மேடம் கதவுப் பக்கம் பார்த்தார். ஆபரேட்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று சோடா மனசுக்குள் கத்தினான்.

நாற்காலி தரையில் உரசியது. எழுந்து நின்றது பைக்காரர்.

“நான்தாங்க எடுத்தேன்” என்றார். “மூடி போட்டதும் நான்தான், எடுத்ததும் நான்தான். எழுதிக்குங்க.”

மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். மேடம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், பைக்காரரின் மனைவி கணவனின் முழங்கையைப் பிடித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் யாரைப் பார்க்காமல் இருக்கிறார் என்று பார்த்தாள். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது போதுமாக இருந்தது. அவள் மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

“தம்பி” என்றாள். “என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்களே, அந்த மூணாவது பெட்டுக்காரம்மா காலையில செத்துட்டாங்க. இவர் தாங்கமாட்டாருன்னு அப்பகூடச் சொல்லாம மறைச்சேன்.”

ஆபரேட்டர் நிமிர்ந்தான்.

“உன் அத்தான் ஜெயிலுக்குப் போயிடுவாரு. நீ வீட்டுக்கு வருவ. நான் சோறு போடுவேன், நீ சாப்பிடுவ. முடியுமாடா உன்னால?”

“அக்கா, நான்தான் அக்கா” என்றான் அவன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. ஆனாலும் சொல்லி முடித்தான். பத்து நாள் திட்டு, மஞ்சள் பூட்டு, ஒன்பது மூடி, தானே நிறுத்திய மணி, எல்லாவற்றையும் அதிகாரியைப் பார்த்து நின்றுகொண்டே சொன்னான். ‘எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம்’ என்ற இடம் வந்ததும் மேனேஜர் எழுந்துவிட்டார்.

“நான் அப்படிச் சொல்லவே இல்ல! மூடி இருந்ததே எனக்குத் தெரியாது!”

சோடா ஷிஃப்ட் புத்தகத்தையும் அழுத்தக் கோடு வரைந்த காகிதச் சுருளையும் விரித்து அதிகாரியின் முன்னால் வைத்தான்.

அதிகாரி படித்தார். நிதானமாக நிமிர்ந்தார். “ஏழு மாசமா ஏறிக்கிட்டே இருந்த அழுத்தம் இருபது நிமிஷத்துல விழுந்திருக்கு. புதுப் பை ஒண்ணுகூட வரல. எப்படி விழுந்துச்சுன்னு கேட்காம நன்றுன்னு எழுதியிருக்கீங்க. பை கேட்டு இவர் எழுதிக் கொடுத்த சீட்டெல்லாம் எங்க இருக்கு? போய் எடுத்துட்டு வாங்க. இன்ஸ்பெக்டர், நீங்களும் கூடப் போங்க.”

மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. சட்டையில் இப்போது சுருக்கம் விழுந்திருந்தது.

அரை மணி நேரம் கழித்து நடைபாதையில் ஒரு பெஞ்சில் ஆபரேட்டர் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். மேனேஜரை முன்னாலேயே ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். பைக்காரரின் மனைவி ஜன்னலோரம் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நீங்க போகலாம்” என்றார் இன்ஸ்பெக்டர் பைக்காரரிடம்.

பைக்காரர் தலையாட்டினார். இரண்டு அடி வைத்தார். நின்றார். திரும்பி வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார்.

“நகரு” என்றார் மச்சானிடம்.

அவன் நகர்ந்தான். அவர் உட்கார்ந்தார்.

“இவர் இன்னிக்கு வீட்டுக்கு வர மாட்டார்” என்றார் இன்ஸ்பெக்டர், கொஞ்சம் தயங்கி.

“தெரியுங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் இருக்கேன்.”

மேடம் சோடாவைப் பார்த்தார், வழக்கம்போல் ஏதாவது சொல்வான் என்று. சோடா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.